பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க!

உலக அளவில் போட்டியிடும் ஒரு சைக்கிள் வீரரோ, மாரத்தான் ஓடுகிற பெண்ணோ ஊக்கமருந்து சோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவரிடம் சொல்லப்படும் விஷயம் கேட்கவே கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். சாதாரணமா உட்காருங்க, ரெண்டு பாதமும் தரையில இருக்கட்டும், பத்து நிமிஷத்துக்கு எழுந்திரிக்காதீங்க. அவ்வளவுதான்.

இது யாரோ ஒரு நர்ஸ் அன்பாகச் சொல்கிற அறிவுரை இல்லை. வாடா எனப்படும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் விதிமுறையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதுக்கு மேல இன்னொரு வரியும் இருக்கு. வெயிட்டிங் ரூமில் பத்து நிமிஷம் உட்கார வைத்துவிட்டு, பிறகு ரத்தம் எடுக்கிற அறைக்கு நடந்து வரச் சொன்னால் அது செல்லாது. உட்கார்ந்த நாற்காலியிலேயே ரத்தம் எடுக்க வேண்டும்.

"பத்து அடி நடந்தா ரத்தம் மாறிடுமா? ரொம்ப ஓவரா இருக்கே" என்று தோன்றலாம். நான் நேர் எதிராகத்தான் நினைக்கிறேன். ஊக்கமருந்து தடுப்பு என்ற மொத்த அமைப்பிலும் மிக மலிவான, ஆனால் மிகவும் தேவையான இன்ஜினியரிங் இந்த நாற்காலிதான். செய்திகளில் மெஷின் வருது, லேப் வருது, தடை வாங்கிய வீரரின் முகம் வருது. நாற்காலி மட்டும் வருவதில்லை. அதனால்தான் ஒரு ஹீமோகுளோபின் எண் வெளியே கசிந்தவுடன் ஆளாளுக்கு நீதிபதி ஆகிவிடுகிறோம்.

உடம்புக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள செகண்ட் இயர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் போதும். இதயத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் சுமார் 1.2 மீட்டர் உயரம். ரத்தத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1060 கிலோ. ரோ ஜி ஹெச் போட்டுப் பாருங்கள், 12,500 பாஸ்கலுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். டாக்டர்கள் பேசுகிற பாஷையில் அது 90 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் மேலே. படுத்திருக்கும்போது இந்த உயரம் கிட்டத்தட்ட பூஜ்யம். எழுந்து நின்ற உடனே இவ்வளவு அழுத்தம் காலில் இருக்கிற ரத்தக் குழாய்களில் கூடுதலாக ஏறுது.

நுண்குழாய்களின் சுவர் பிவிசி பைப் மாதிரி இல்லை, நீர் கசியும். அழுத்தம் கூடினால் பிளாஸ்மாவில் உள்ள தண்ணீரும் உப்பும் சுவரைத் தாண்டி சுற்றியிருக்கும் திசுக்களுக்குள் போய்விடும். சிவப்பணுக்களும் பெரிய புரதங்களும் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது, உள்ளேயே நிற்கும். குழம்பு சுண்டினால் அதிலுள்ள கத்தரிக்காய் எண்ணிக்கை கூடாது, ஆனால் ஒரு கரண்டிக்கு வருகிற காய் கூடும் இல்லையா? அதே கதைதான். ரத்தப் பரிசோதனை எண்ணுவது அந்தக் கரண்டியைத்தான். சட்டியில் மொத்தம் எவ்வளவு காய் இருக்கிறது என்று அதுக்குத் தெரியாது.

எவ்வளவு மாறும்? 2005 இல் வெளியான ஒரு ஆய்வில், ஆரோக்கியமானவர்களைப் படுக்க வைத்து ஹீமட்டோக்ரிட் பார்த்தார்கள். ஹீமட்டோக்ரிட் என்றால் ரத்தத்தின் கன அளவில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பது. படுத்திருக்கும்போது சராசரி சுமார் 38. அதே ஆட்களை அரை மணி நேரம் நிற்க வைத்து மறுபடி எடுத்தால் சுமார் 42. ஒரு மாத்திரை இல்லை, ஒரு ஊசி இல்லை, வெறுமனே நின்றார்கள். ஆய்வாளர்கள் இதுக்கு வைத்த பெயர் நிலைமாற்றத்தால் வரும் போலி ரத்தசோகை. காரணம், ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிப் படுத்துக் கிடக்கும் நோயாளிக்கு ஹீமோகுளோபின் இறங்கினால், உள்ளே எங்கேயோ ரத்தம் கசியுது என்று டாக்டர் பயப்பட வாய்ப்பு இருக்கு. உண்மையில் அவர் படுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

38-லிருந்து 42. இந்த நாலு புள்ளியை மனசில் வைத்துக்கொண்டு சைக்கிள் பந்தயத்தின் 1990-களுக்குப் போவோம்.

சிவப்பணுக்களை அதிகம் உருவாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் ஹார்மோன் எரித்ரோபொயட்டின், சுருக்கமாக இபிஓ. சிறுநீரக நோயாளிகளுக்காகச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது, கொஞ்ச காலத்திலேயே சைக்கிள் வீரர்களின் பைக்குள் வந்துவிட்டது. அதைச் சிறுநீரில் கண்டுபிடிக்கும் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் சமயத்தில்தான் வந்தது. அதுவரைக்கும் என்ன செய்வது? சர்வதேச சைக்கிள் சங்கம் 1997 இல் ஒரு கோடு போட்டது. ஆண்களுக்கு ஹீமட்டோக்ரிட் 50 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை ஓரங்கட்டு. அதை ஊக்கமருந்து குற்றம் என்றுகூடச் சொல்லவில்லை. உடல்நலத்துக்காக 15 நாள் ஓய்வு என்றார்கள்.

ஒரு கோடு போட்டவுடன் என்ன ஆகும்? இன்டர்னல் மார்க்கில் மினிமம் எவ்வளவு என்று தெரிந்தால் நாம் என்ன செய்வோமோ அதையேதான் அவர்களும் செய்தார்கள். அந்தக் கோட்டுக்கு ஒட்டி வாழக் கற்றுக்கொண்டார்கள். ஹோட்டல் ரூமுக்குள் சின்ன சென்ட்ரிஃபியூஜ் மெஷினை வைத்து, தங்கள் ரத்தத்தைத் தாங்களே சுழற்றிப் பார்த்துக்கொண்டார்கள். 49 வந்தால் சந்தோஷம். 51 வந்தால் தண்ணீர் குடி, சலைன் ஏற்று, காலை உயர்த்திப் படு.

1998 உலக சாம்பியன்ஷிப்பின்போது, சோதனை அதிகாரி பக்கத்திலேயே இருக்க, லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் அணி மருத்துவர் ரெயின்கோட்டுக்குள் சலைன் பையை மறைத்துக் கொண்டுபோய் அவருக்கு ஏற்றினார் என்று 2012 இல் வெளியான அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமையின் அறிக்கையில் சாட்சியம் இருக்கிறது. (அந்த அறிக்கையைப் படித்தால் எந்த வெப் சீரிஸும் வேண்டாம்.) பனிச்சறுக்கில் ஹீமோகுளோபினுக்கு ஒரு வரம்பு இருந்தது. 2001 இல் பின்லாந்தின் லாத்தி நகரில், சொந்த மண்ணில் நடந்த உலகப் போட்டியில், ஆறு பின்லாந்து வீரர்கள் பிளாஸ்மாவின் அளவைக் கூட்டும் ஸ்டார்ச் திரவத்தை ஏற்றிக்கொண்டு மாட்டினார்கள்.

இவர்கள் எல்லோரும் செய்த வேலை ஒன்றுதான். சிவப்பணு என்பது தொகுதி, பிளாஸ்மாவையும் சேர்த்த மொத்த அளவு பகுதி. தொகுதியை மருந்தால் ஏற்றிவிட்டு, மாட்டாமல் இருக்கப் பகுதியையும் ஏற்றினார்கள். சலைன் ஏற்றினால் தடயம் இருக்கும், இன்றைய விதிப்படி 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவதே தடை, மருத்துவக் காரணம் இருந்தால்தான் விலக்கு. ஸ்டார்ச் ஏற்றினால் லேபில் தெரியும். ஆனால் படுத்திருப்பதைத் தடை செய்ய முடியுமா? தூக்கத்துக்கு எந்த லேபில் டெஸ்ட் இருக்கு? கதவைத் தட்டும் சத்தம் கேட்டு, காலைத் தலையணை மேல் போட்டுப் படுத்த நிலையிலேயே ரத்தம் கொடுத்தால், காசு செலவில்லாமல் சில புள்ளிகள் இறங்கும். அந்த ஓட்டையை அடைப்பதுதான் நாற்காலியும், பாதம் தரையில் இருக்க வேண்டும் என்ற வரியும்.

மறுபக்கமும் இருக்கு. எந்த மருந்தும் எடுக்காத ஒருவர், இயல்பாகவே ஹீமட்டோக்ரிட் 47, 48 இருக்கிறவர், சோதனைக்காக வரிசையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு நேராகக் கையை நீட்டினால்? அப்படிப்பட்டவர்கள் உண்மையிலேயே உண்டு. பின்லாந்தின் ஏரோ மான்டிரான்டா 1960-களில் பனிச்சறுக்கில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். பிறவியிலேயே அவர் குடும்பத்தில் இபிஓ ஏற்பியில் ஒரு மரபணு மாற்றம் இருந்தது என்று 1990-களில்தான் கண்டுபிடித்தார்கள். அவர் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 20 கிராமைத் தாண்டும். எல்லாருக்கும் ஒரே கோடு என்பது இவர்களிடம் என்ன நியாயத்தைப் பேசும்?

அந்தக் கோட்டால் வந்த மிகப் பெரிய கதை மார்கோ பண்டானியுடையது. 1999 ஜூன் 5 அன்று காலை, இத்தாலியின் மடோனா டி கம்பீலியோவில், ஜிரோ பந்தயத்தில் முதலிடத்தில் இருந்தவரை அனுப்பிவிட்டார்கள். முடிவதற்கு இரண்டே கட்டங்கள் பாக்கி. அவர் எண் 52. அதுக்குப் பிறகு அவர் பழைய ஆளாகத் திரும்பவே இல்லை. 2004 பிப்ரவரியில், 34 வயதில், ரிமினி நகரில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார்.

பண்டானி சுத்தமானவர் என்று நான் வாதாட வரவில்லை. 1998 டூர் டி பிரான்ஸில் எடுத்த பழைய மாதிரிகளைப் பின்னால் சோதித்தபோது இபிஓ இருந்தவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததை 2013 இல் பிரெஞ்சு செனட் குழுவின் அறிக்கை வெளியிட்டது. அதுவும் காலையில் எடுத்த ரத்தம் என்றால், இரவு முழுக்கப் படுத்திருந்ததால் எண் குறையத்தான் வாய்ப்பு, கூட இல்லை. என் பிரச்சினை அவரைப் பற்றியது இல்லை, அந்த 50-ஐப் பற்றியது. கோட்டுக்கும் அவருக்கும் இருந்த தூரம் இரண்டு புள்ளி. படுத்தவர் எழுந்து நின்றால் வருகிற மாற்றம் நாலு புள்ளி. அளக்கிற கருவியே நாலு புள்ளி ஆடும்போது இரண்டு புள்ளியில் ஒருத்தரைப் பிடிக்கிறோம், இன்னொருத்தரை விடுகிறோம். மெஷர்மென்ட்ஸ் லேபில் இப்படி ஒரு ரீடிங்கை எழுதிக்கொண்டு போனால் ரெக்கார்ட் நோட் திரும்பிப் பறந்து வரும்.

2008 இல் சைக்கிள் சங்கமும், 2009 கடைசியில் வாடாவும் கொண்டுவந்த பயாலஜிக்கல் பாஸ்போர்ட் இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனமாக மாறியது. எல்லாருக்கும் ஒரே கோடு என்பதை விட்டுவிட்டு, உன்னை உன்னோடேயே ஒப்பிடுகிறேன் என்றது. முதல் மாதிரிக்குப் பொதுவான மக்கள்தொகையின் வரம்பைப் போடுவார்கள். அடுத்தடுத்து மாதிரிகள் வர வர, பேயஸ் தேற்றத்தை வைத்து, அந்த வீரருக்கே உரிய மேல் வரம்பும் கீழ் வரம்பும் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே விழுந்தால் கம்ப்யூட்டர் கொடி காட்டும், ஆனால் தீர்ப்பு சொல்லாது. நிபுணர்கள் மூன்று பேர் பார்த்து ஒருமனதாகச் சொன்னால்தான் அது ஒரு வழக்காக நகரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆஃப் ஸ்கோர் என்ற ஒரு சின்ன ஃபார்முலா. ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்ற எண்ணிலிருந்து, ரெட்டிகுலோசைட் சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60 ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ரெட்டிகுலோசைட் என்றால் மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளியே வந்த, இன்னும் முழுசாக முதிராத சிவப்பணு. நம்ம பாஷையில் ஃபர்ஸ்ட் இயர்ஸ். வெளியிலிருந்து ரத்தம் ஏற்றினாலோ, இபிஓ போட்டுவிட்டு நிறுத்தினாலோ, "ஏற்கெனவே நிறைய இருக்கே" என்று மஜ்ஜை புது அட்மிஷனைக் குறைத்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம்ம லேப் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 15 என்று இருந்தால் இங்கே அது 150. ரெட்டிகுலோசைட் 1 சதவீதம் என்றால் ஆஃப் ஸ்கோர் 150 கழித்தல் 60, அதாவது 90. இவர் நிற்பதால் ஹீமோகுளோபின் 5 சதவீதம் ஏறுது என்று வைத்துக்கொள்வோம், 157.5 ஆகும். ஸ்கோர் 97.5. இப்போது நிற்கவில்லை, ஆனால் இபிஓவை நிறுத்திய பிறகு ரெட்டிகுலோசைட் 0.4-க்கு இறங்கியிருக்கு என்று வைத்துக்கொள்வோம். 0.4-இன் வர்க்கமூலம் 0.63, பெருக்கினால் 38. ஸ்கோர் 112. ஹீமோகுளோபினும் 165-க்கு ஏறியிருந்தால் 127. இந்த ஆள் சோதனைக்கு முன்னால் படுத்துக் கிடந்து 5 சதவீதம் குறைத்தாலும் 119-க்கு வருவார், 90-க்கு வர மாட்டார்.

ஏன் தெரியுமா? ரெட்டிகுலோசைட் சதவீதம் என்பது அணுக்களுக்கும் அணுக்களுக்கும் இடையிலான விகிதம். நூறு சிவப்பணுவில் எத்தனை புதுசு என்று கேட்கிறோம். பிளாஸ்மா வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் அந்த விகிதம் அப்படியே இருக்கும். வீட்ஸ்டன் பிரிட்ஜில் ஸ்ட்ரெயின் கேஜுக்குப் பக்கத்துக் கையில் டம்மி கேஜ் வைப்போமே, வெப்பநிலை ஏறினால் இரண்டும் சேர்ந்து ஏறி ஒன்றையொன்று அடித்துவிடுமே, அதே தத்துவம். யாரோ உடலியல் படித்தவர்கள் நம்ம சிலபஸை எட்டிப் பார்த்த மாதிரி இருக்கு.

விகிதம் என்பதாலேயே அது புனிதம் ஆகிவிடாது. ஜெர்மனியின் ஐஸ் ஸ்கேட்டிங் வீராங்கனை கிளாடியா பெக்ஸ்டைனுக்கு 2009 இல் இரண்டு வருடத் தடை கிடைத்தது, ரெட்டிகுலோசைட் 3 சதவீதத்துக்கு மேல் இருந்ததற்காக. பின்னால் டாக்டர்கள் அவருக்குப் பரம்பரையாக வரும் ஒரு சிவப்பணுக் குறைபாடு இருப்பதாகச் சொன்னார்கள். 2015 இல் ஜெர்மன் ஒலிம்பிக் சங்கமே அவரைப் பாதிக்கப்பட்டவர் என்றது. உட்காரும் விதம் அங்கே பிரச்சினை இல்லை, உடம்பே வேறு மாதிரி இருந்தது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் இரண்டு கூட்டத்தோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை.

முதல் கூட்டம், மாட்டினவுடன் "நான் நின்னுட்டே இருந்தேன், தண்ணி குடிக்கல, வெயில் அதிகம்" என்று காரணம் சொல்பவர்களும் அவர்களுடைய ரசிகர்களும். மேலே போட்ட கணக்கு இவர்களுக்கான பதில். நின்றால் ஹீமோகுளோபின் ஏறும், சரி. ரெட்டிகுலோசைட் ஏன் இறங்கியது? நின்றுகொண்டே மஜ்ஜைக்கு லீவு கொடுக்க முடியாது.

இரண்டாவது கூட்டம், "மெஷின் சொல்லிடுச்சு, நம்பர் நம்பர்தான்" என்பவர்கள். நம்ம காலேஜில் இவர்கள்தான் மெஜாரிட்டி என்று நினைக்கிறேன், இன்ஜினியர்களுக்கே உள்ள வியாதி. எந்த நிலையில் எடுத்தது என்று தெரியாத ஹீமோகுளோபின் எண், எந்த வெப்பநிலையில் எடுத்தது என்று எழுதாத ரெசிஸ்டன்ஸ் ரீடிங் மாதிரிதான். அதை வைத்து ஒருவருடைய நாலு வருஷத்தைப் பறிக்க முடியும் என்றால், பத்து நிமிஷத்தைக் கறாராகப் பார்ப்பது ஓவர் இல்லை.

"பத்து நிமிஷத்தில் முழு சமநிலை வந்துடுமா? அரை மணி நேரம் வைக்கலாமே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாஸ்போர்ட் ஒப்பிடுவது உன்னை உன்னோடு. ஒவ்வொரு தடவையும் அதே பத்து நிமிஷம் என்றால், மிச்சம் இருக்கும் சின்னப் பிழை எல்லா மாதிரியிலும் ஒரே பக்கம் சாயும், ஒப்பிடும்போது அடிபட்டுவிடும். ஒரு நாள் பத்து, ஒரு நாள் மூன்று, ஒரு நாள் படுக்கையில் என்று மாறினால்தான் ஆபத்து, அது ரேண்டம் பிழை. எழுதி வைத்த அரை மணி நேரத்தைப் பாதி இடங்களில் கடைப்பிடிக்காமல் விடுவதை விட, எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கிற பத்து நிமிஷமே மேல். அதோடு இன்னொன்று: மாதிரிகள் சேரச் சேர வரம்பு சுருங்கும் என்றேன் இல்லையா? வரம்பு சுருங்கச் சுருங்க ஒரு 3 சதவீத ஆட்டம்கூடப் பெரிதாகத் தெரியும். அதாவது பாஸ்போர்ட் கூர்மையாக ஆக ஆக, நாற்காலியின் மதிப்பும் ஏறுது.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். ரத்தம் எடுக்கும்போது நிரப்பும் படிவத்தில், பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாரா என்பதுக்கு ஆம் அல்லது இல்லை என்ற பதிலோடு நிறுத்தக் கூடாது. உட்கார்ந்த நேரம், ஊசி ஏறிய நேரம், இரண்டும் நிமிஷக் கணக்கில் இருக்க வேண்டும், வீரர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். டிக் மார்க் எப்படிப் போடப்படும் என்று நமக்குத் தெரியாதா? லேபில் இன்ஸ்ட்ருமென்டைத் தொடாமலேயே "கேலிப்ரேஷன் செக் செய்யப்பட்டது" என்று எழுதுகிற தலைமுறை நாம். ஸ்டேட் லெவல், நேஷனல் லெவல் போகிற நண்பர்களுக்கும் ஒன்று. ஏழு நிமிஷத்தில் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தால் மரியாதையாகக் கடிகாரத்தைக் காட்டுங்கள். கேட்கவில்லை என்றாலும் ரத்தம் கொடுக்க மறுக்காதீர்கள், மறுப்பதே தனியாக ஒரு குற்றம். படிவத்தில் கருத்து எழுதும் இடம் இருக்கும், அங்கே எழுதுங்கள்.

மொத்த ஹீமோகுளோபினையே, அதாவது கரண்டியை விட்டுவிட்டுச் சட்டியையே, நேரடியாக அளந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே? முடியும். கொஞ்சமாகக் கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்க வைத்து, அது எவ்வளவு ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொண்டது என்று பார்க்கும் முறை இருக்கு. ஆனால் ஊக்கமருந்து சோதனைக்கு வரும் வீரரிடம் "இந்த விஷ வாயுவை ஒரு மூச்சு இழுங்க" என்று சொல்வது யோசிக்க வேண்டிய விஷயம். அவர் வேண்டுமென்றே மூச்சை ஒழுங்காக இழுக்காமல் விட்டாலும் கணக்கு கெட்டுவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அளக்க வந்த அந்த வாயுவையே திரும்பத் திரும்பச் சுவாசித்து உடம்பை ஏமாற்றப் பார்ப்பார்களோ என்ற கவலையில் சைக்கிள் சங்கம் 2025 இல் அதுக்குத் தடை போட்டது. அளவுகோலே ஊக்கமருந்து ஆகிவிடுமோ என்று பயப்படுகிற நிலைமை.

அதுவரைக்கும் நாற்காலிதான். சிறுநீர் மாதிரியும் ரத்த மாதிரியும் ஒரே நாளில் கேட்கப்படுவது சகஜம். பந்தயம் முடிந்து உடம்பில் நீர் வற்றிப்போய், மூணு பாட்டில் தண்ணீர் குடித்தும் சிறுநீர் வராமல் காத்திருந்த ஒரு வீரருக்கு, நாற்காலியில் ஒன்பதாவது நிமிஷம் ஓடும்போது அவசரமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து போகலாம், அதிகாரியும் கூடவே போவார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும்.